பிடியரிசி உலைக்கு முன்னால எடுக்கிறது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் திற்பரப்பு பகுதி மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சு)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் கிடையாது. படிப்பு பத்தாம் கிளாஸோட நின்னு போச்சு. நேத்து ராத்திரி மகளை எதிர்ல உட்கார வச்சு இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். "அம்மா, நீ மீன்காரி அக்காகிட்ட பேசுற மாதிரி பேசு, அதுதான் நல்லா வரும்"னு சொன்னா. அப்படியே பேசுகேன், தப்பிருந்தா பொறுத்துக்கணும்.

தலைவி அக்கா எனக்குத் தந்த தலைப்பு சிக்கனமும் சேமிப்பும். இதுக்கு ஏன் என்னைக் கூப்பிட்டாங்கன்னு எங்க குழுக்காரிகளுக்கு நல்லாவே தெரியும். ஒரு காலத்தில என்னை அறுத்த கைக்கு உப்பு வைக்காதவன்னு பட்டப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவாளுவ. லைட்டை அணைங்க, குழாயை மூடுங்க, பழைய சேலையில தலையணை உறை தைங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. அதெல்லாம் இங்க இருக்கிற எல்லாரும் என்னைவிட நல்லா செய்யிறவங்கதான். நான் சிக்கனத்தைத் தப்பா செஞ்சு பட்ட கதையைத்தான் முதல்ல சொல்லணும்.

எங்க வீட்டுக்காரருக்கு ரப்பர் வெட்டுதான் வேலை. நம்ம திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் பாதி வீட்டுக்கு இதுதான் சோறு. மூணரை மணிக்கு எழும்பி, நெத்தியில லைட்டைக் கட்டிட்டு விளைக்குப் போவார். வெட்டினாத்தான் கூலி. மழை பெஞ்சா வெட்டு கிடையாது. ஆனி ஆடியில பெய்யிற மழையிலயும் ஐப்பசி கார்த்திகை மழையிலயும் நாள் கணக்கா கத்தி சும்மா கிடக்கும். தை மாசி பக்கம் மரம் இலையைக் கொட்டினா அப்பவும் பால் கிடையாது. அருவிக்கரையில கடை போட்டிருக்கிற அக்காமாருக்கும் இதே பாடுதான். அணையில தண்ணி திறந்து விட்டா அருவியில குளிக்க விடமாட்டாங்க, குளிக்க ஆள் வரல்லன்னா கடலையும் ஓடாது, மாங்காயும் ஓடாது. மாசச் சம்பளக்காரங்களுக்கு எழுதின சேமிப்புக் கணக்கு நமக்குச் சரிப்படாததுக்குக் காரணம் இதுதான். நமக்கு வருஷத்தில காசு உள்ள மாசமும் உண்டு, காசே இல்லாத மாசமும் உண்டு.

2011-ல ரப்பர் விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போச்சே, ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் நம்ம பக்கத்தில எத்தனை வீட்டுக்கு கான்கிரீட் போட்டாங்க! விலை இப்படியே நிக்கும்னு நாங்களும் நம்பினோம். ஓட்டைப் பிரிச்சு மேல்தளம் போட்டோம், குறைப் பணத்துக்குக் கடன் வாங்கினோம். 2016 தொடக்கத்தில அதே ரப்பர் 100 ரூபாய்க்குக் கீழே வந்துது. வெட்டுக் கூலியும் கொடுத்து உரமும் வாங்கிக் கட்டாதுன்னு சில விளைக்காரங்க வெட்டையே நிறுத்தினாங்க. அதுக்கு மேல 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல். அந்த ராத்திரியும் மறுநாளும் இங்க யாருக்கும் நான் விளக்க வேண்டாம். எங்க வீட்டுக்காரர் வெட்டிட்டிருந்த விளையில பாதி மரம் வேரோட சாஞ்சு கிடந்தது. பல நாள் கரண்டு இல்ல. விழுந்த மரத்தை விறகுக்கு ஏத்திட்டுப் போன லாரியைப் பார்த்துட்டு அவர் ஒண்ணும் பேசாம திண்ணையில இருந்தார். ரப்பர் நட்டா வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகுமே.

அன்னைக்குத்தான் நான் தீர்மானிச்சேன், இனி இந்த வீட்டில ஒரு ரூபாய் வீணாப் போகக்கூடாதுன்னு. எங்க இருந்து தொடங்கினேன் தெரியுமா? எனக்க தட்டில இருந்து.

மீன் வாங்கினா முன்ன ஆளுக்கு இரண்டு துண்டு வரும். நான் கொஞ்சம் குறைச்சு வாங்கினேன். அவருக்கு வேலைக்குப் போற உடம்பு, மாமிக்கு வயசாச்சு, பிள்ளைய வளர்ற பிள்ளைய. அவங்களுக்கெல்லாம் வச்சுட்டு நான் சட்டியில ஒட்டின சாறை வழிச்சு சோத்தில பிசைஞ்சு தின்னேன். காலையில எனக்கு ஒரு கட்டஞ்சாயா போதும்னு வச்சேன். முட்டை வாங்கினா பிள்ளையளுக்கு மட்டும். ஒரு நாளைக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன்னு மனசில பெருமை. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி பிள்ளைய வளர்த்தான்னு நாலு பேர் சொல்லணும்னு நமக்கெல்லாம் ஒரு ஆசை உண்டு இல்லையா. எங்க அம்மையும் அப்படித்தான் இருந்தா. அதனால நான் செய்யிறது தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல.

எட்டு மாசம் அப்படிப் போச்சு. நடந்தா மூச்சு வாங்கும், படி ஏறினா கண்ணு இருட்டும். மாசக் குளியல் வந்தா எழும்ப முடியாது. வெயில்னு நினைச்சேன், வேலைன்னு நினைச்சேன். ஒரு நாள் ராத்திரி அடுக்களையில பானையை இறக்கி வைக்கப் போனவ அப்படியே விழுந்துட்டேன். ராத்திரி நேரம், பக்கத்தில இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் ஆட்டோ பிடிச்சுக் கொண்டு போனாங்க. ரத்தம் பரிசோதிச்சா 6.8. பெண்ணுக்கு 12 இருக்கணுமாம். ரத்தம் ஏத்தி, நாலு நாள் படுத்து எழும்பினப்போ செலவு 15,000 ரூபாய். அந்தப் பணத்தை வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார்.

கணக்கைப் பாருங்க. ஒரு நாளைக்கு 20 ரூபாய், மாசத்துக்கு 600, எட்டு மாசத்துக்கு 4,800. அதுதான் நான் பிடிச்ச மிச்சம். போனது 15,000, அதுக்கு மேல வட்டி. இதுல ஆஸ்பத்திரிக்கு அலைஞ்ச நாள் அவருக்கு வெட்டு இல்ல, அதை நான் கூட்டவே இல்ல.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு மாமி கஞ்சியும் பயறும் கொண்டு வந்து பக்கத்தில வச்சாங்க. எனக்க மாமி அதிகம் பேசமாட்டாங்க. நான் அந்த எட்டு மாசம் தின்னதைக் கண்டுபிடிக்காம இருந்துட்டோமேன்னு அவங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு வருத்தம். சொன்னாங்க: "மக்களே, நாங்களும் மிச்சம் பிடிச்சவங்கதான். பிடியரிசி எடுத்துதான் இந்த வீட்டை நடத்தினோம். ஆனா பிடியரிசியை உலையில போடுறதுக்கு முன்ன எடுக்கணும். நீ வெந்த பிறகு உனக்க தட்டில இருந்து எடுத்திருக்க."

அந்த ஒரு பேச்சை நான் இன்னைக்கு வரைக்கும் மறக்கல்ல.

சின்ன பிள்ளையளுக்குத் தெரியாம இருக்கும், அதனால சொல்லுகேன். உலைக்கு அரிசி அளந்த பிறகு, கழுவறதுக்கு முன்ன, அளந்த அரிசியில இருந்து ஒரு பிடி அள்ளி ஒரு கலயத்தில போடுறது பிடியரிசி. வாரக் கடைசியில அது ஒரு நாழி இரண்டு நாழி வரும். நம்ம பக்கத்தில கோயிலுக்கும் கொடுப்பாங்க, சர்ச்சுக்கும் கொடுப்பாங்க, ஆகாத காலத்துக்கு வீட்டிலயும் வச்சுக்குவாங்க. வடகிழக்கில மிசோரம்னு ஒரு மாநிலம் இருக்கே, அங்க உள்ள சபைப் பெண்கள் 1910-ல இருந்து இதே மாதிரி ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறாங்களாம். அந்த அரிசியை வித்து அவங்க சபையோட பெரிய பெரிய காரியங்களே நடக்குதுன்னு ஒரு பயிற்சியில சொன்னாங்க. ஒரு பிடி அரிசி உலையில குறைஞ்சா வீட்டில எல்லாருக்கும் ஒரு வாய் சோறு குறையும், அது யாருக்கும் தெரியவே தெரியாது. வெந்த பிறகு எடுத்தா ஒரு ஆளுக்குத்தான் குறையும். அந்த ஆள் யாருன்னு நான் சொல்ல வேண்டாமே.

ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு குழுக் கூட்டத்தில கிராம சுகாதார நர்ஸ் ஒரு கணக்கு சொன்னாங்க. 2019-21-ல வந்த தேசியக் குடும்ப நல ஆய்விலயும் அதே மாதிரிதான் வந்திருக்கு: தமிழ்நாட்டில 15-ல இருந்து 49 வயசு வரை உள்ள பெண்கள் நூறு பேரில 53 பேருக்கு ரத்தசோகை. இங்க இருக்கிற கூட்டத்தில இரண்டில ஒருத்தி. பக்கத்தில இருக்கிறவளைக் கொஞ்சம் பாருங்க. சிரிக்காதீங்க, உண்மையாத்தான் சொல்லுகேன்.

சரி, தட்டில இருந்து எடுக்கக்கூடாதுன்னா பின்ன எங்க இருந்து எடுக்கிறது? அதுக்குத்தான் நாங்க நோட்டு எழுதினோம். இருபது ரூபாய் நோட்டு ஒண்ணு வாங்கி ஜன்னல் ஓரம் கட்டித் தொங்கவிட்டேன். வீட்டில யார் செலவு செஞ்சாலும் ராத்திரி சாப்பிடுறதுக்கு முன்ன சொல்லணும், மகள் எழுதுவா. அப்ப அவ மூணாங்கிளாஸ், கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். ஜப்பானில ஹானி மோட்டோகோன்னு ஒரு பத்திரிகைக்காரி அம்மா 1904-லயே வீட்டுப் பெண்களுக்குன்னு இப்படி ஒரு கணக்கு நோட்டை அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்க, இன்னைக்கும் அங்க உள்ளவங்க அதை எழுதுறாங்க. இது எனக்குப் பின்னாலதான் தெரியும். மாமிக்கு எழுதத் தெரியாது, ஆனா வெத்தலைக்கு ஐந்து ரூபாய்னு தவறாம சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரர்தான் முதல் வாரம் மழுப்பினார். பிறகு சின்னப்பிள்ளை நோட்டும் பேனாவும் வச்சுட்டு முன்னால நிக்கையில எத்தனை நாள் மழுப்ப முடியும்?

ஒரு மாசம் முடிஞ்சு கூட்டிப் பார்த்தோம். மீன் செலவு நான் நினைச்சதில பாதிகூட இல்ல. முதல் இடத்தில நின்னது வட்டி. பழைய வீட்டுக் கடனும் ஆஸ்பத்திரிக் கடனும் சேர்த்து 40,000 ரூபாய், நூத்துக்கு அஞ்சு ரூபாய் வட்டி, மாசம் 2,000. இரண்டாவது சுருள். அந்த மாசம் இரண்டு கல்யாணம், ஒரு வீடு பால்காய்ப்பு, 2,500 ரூபாய் போயிருக்கு. அதுக்கப்புறம் சாயக்கடையும் பேக்கரியும், போன் ரீசார்ஜ், ஆட்டோ.

சாயக்கடைச் செலவைக் கண்டதும் அவர் தலையைக் குனிஞ்சார். இங்க ஒண்ணு சொல்லணும். மூணரை மணிக்கு எழும்பி மரம் வெட்டுற ஆளுக்கு ஏழு மணிக்கு ஒரு சாயாவும் ஒரு பழம்பொரியும் வேணும். அதை வெட்டச் சொல்லி நான் கேட்கல்ல. எனக்க தட்டில இருந்து எடுத்தது தப்புன்னா அவருக்க கிளாஸில இருந்து எடுக்கிறதும் தப்புதான். சாயங்காலம் கூட்டுக்காரங்களோட போய் எல்லாருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிற பழக்கத்தை மட்டும் அவரே விட்டார். அவரா விட்டதால அது நின்னுது.

வட்டிக்கு வருவோம். அந்த 40,000 ரூபாயை எங்க குழுவில கடனா எடுத்து வட்டிக்காரருக்கு ஒரே நாளில கொடுத்துத் தீர்த்தோம். குழுவில நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. மாசம் அசல் 2,000, அதோட மீதிக்கு வட்டி. முதல் மாசம் வட்டி 400, அடுத்த மாசம் 380, இப்படி இறங்கிட்டே வந்து, 20 தவணையில கடன் முடிஞ்சுது. மொத்தம் கட்டின வட்டி 4,200 ரூபாய். பழைய இடத்திலயே இருந்திருந்தா அதே 20 மாசத்துக்கு வட்டி மட்டும் 40,000 போயிருக்கும், அசல் 40,000 அப்படியே கல்லு மாதிரி நிக்கும். 2020 ஊரடங்கில வேலை இல்லாம இரண்டு மாசம் கட்ட முடியல்ல, குழுவில சொல்லித் தள்ளிக் கட்டினேன். வட்டிக்காரர்கிட்ட இருந்திருந்தா வாசல்ல வந்து நின்னிருப்பார். நான் வருஷம் முழுக்க சட்டியை வழிச்சாலும் வராத மிச்சம் இது, கேட்டியளா. மீன் துண்டில நான் தேடின காசு வட்டியில ஓடிட்டிருந்தது.

குஜராத்தில அகமதாபாத்தில 1974-ல சேவா பேங்க்னு ஒண்ணு தொடங்கினாங்க. எலா பட் அம்மா கூட இருந்து நடத்தினாங்க. தெருவில காய்கறி விக்கிறவங்க, பீடி சுத்துறவங்கன்னு 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டாங்க, அதுதான் முதல். அவங்களையும் வட்டிக்காரங்கதான் அங்க கொண்டு சேர்த்தது. நம்ம குழுவும் அதே காரணத்துக்குத்தான் இருக்கு. ஆனா இப்ப நம்மில சிலர் குழுக் கடனை வாங்கி வாராவாரம் பிரிக்க வரும் கம்பெனிக் கடனைக் கட்டுறாங்க, அதுக்குப் பதிலா இன்னொரு கம்பெனியில வாங்குறாங்க. ஒரு வீட்டில மூணு அட்டை, நாலு அட்டை. அட்டையை ஒளிச்சு வைக்காம நோட்டில எழுதிக் கூட்டிப் பாருங்க. கூட்டின அன்னைக்கு அழுகை வரும். எனக்கும் வந்துது.

இனி அடுக்களை. தட்டைக் குறைக்காம அடுக்களைச் செலவைக் குறைக்க முடியும், அதுக்கு நம்ம மண்ணே வழி வச்சிருக்கு. மரச்சீனிக் கிழங்கை எடுங்க. திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை ஆண்டப்போ ஏழைகளுக்குப் பஞ்சத்தில உதவும்னு இந்தக் கிழங்கைப் பரப்பினார்னு சொல்லுவாங்க. இரண்டாம் உலக யுத்தத்தில பர்மா அரிசி வராம போனப்போ நம்ம பாட்டிமார் உயிரைப் பிடிச்சு வச்சது இந்தக் கிழங்கிலதான். மாமியோட அம்மை மூணு வேளையும் கிழங்குதான் தின்னாங்களாம். ஆனா கிழங்கு வயித்தை நிறைக்கும், ரத்தத்தை ஊறவைக்காது. அதனால கிழங்கு வேகிற நாளில சாளை வாங்குவேன். சாளை கிடைக்கிற காலத்தில அதை மாதிரி மலிவும் சத்தும் உள்ள மீன் வேற இல்ல, வஞ்சிரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். மீன்பிடித் தடைக்காலம் நம்ம மாவட்டத்தில கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15-ல தொடங்கி ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை. அப்ப மீன் விலை ஏறும், அதே நேரத்தில நம்ம வெட்டும் மழையில நிக்கும். பங்குனியிலயே நெத்திலி வாங்கி உப்புப் போட்டு உலர்த்தி டப்பாவில அடைச்சு வச்சிருந்தா அந்த இரண்டு மாசமும் கறிக்குப் பயமில்ல.

சக்கை சீசனில சக்கைக்குருவை எத்தனை பேர் தூரப் போடுறீங்க? அதைக் கழுவி, ஈரம் போக நிழலில உலர்த்தி, மணலில புதைச்சு வச்சா மாசக்கணக்கில இருக்கும். முருங்கைக்கீரையோட சக்கைக்குரு போட்டு தேங்காய் அரைச்சு வச்ச கறிக்கு என்ன செலவு? தேங்காய் மட்டும்தான். காணம் வாங்கி வறுத்துத் துவையல் அரைச்சா கஞ்சிக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நர்ஸ் சொல்லித் தந்த இன்னொரு காரியம்: சோறு தின்ன உடனே சாயா குடிக்கக்கூடாது, தின்ன இரும்புச் சத்தை அது உடம்பில சேரவிடாது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. பதிலா ஒரு நெல்லிக்காய் கடிங்க, இல்ல எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, சத்து நல்லா சேரும். இதுக்குக் காசே வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில சும்மா கிடைக்குது. வாங்கிட்டு வந்து அலமாரியில வைக்காதீங்க, தின்னுங்க. ரத்தப் பரிசோதனையும் அங்க காசில்லாம செய்யலாம். நான் அதை முதலிலேயே செஞ்சிருந்தா 15,000 மிச்சம்.

கேஸ் சிலிண்டர் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. சம்பா அரிசி வேக நேரமாகும்னு எல்லாருக்கும் தெரியும். தெர்மல் குக்கர் வாங்கினேன். அரிசி நல்லா கொதிச்சதும் பானையைத் தூக்கி உள்ளே இறக்கி மூடினா தானே வெந்திரும், அடுப்பு வேண்டாம். பயறு, காணமெல்லாம் முந்தின ராத்திரியே ஊறப் போடுங்க. குளிக்க வெந்நிக்கு கேஸ் பத்த வைக்கிற வீட்டுக்காரிகளே, விளையில சிரட்டையும் ரப்பர்ச் சுள்ளியும் என்ன செய்யுது? கரண்டு இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்ங்கிறது எல்லாருக்கும் தெரியும், அதை விடுகேன்.

இப்ப எங்க வீட்டுப் பிடியரிசி. அதுக்கு நாங்க வச்சிருக்கிற பேர் வெட்டில்லா டப்பா. வெட்டுள்ள நாளில அவர் கூலி வாங்கிட்டு வந்ததும், கடைக்குப் போறதுக்கு முன்ன, அதுல இருந்து 50 ரூபாய் டப்பாவில விழும். மீதியில சமையல். உலைக்கு முன்னன்னு மாமி சொன்னது இதுதான். மழை, இலை உதிர்வு எல்லாம் கழிச்சு வருஷத்தில 180 நாள் வெட்டு நடந்தா 9,000 ரூபாய். மழைக்காலத்தில அதைத் திறந்து எடுக்கிறதுக்கு வெட்கப்பட வேண்டாம், அதுக்குத்தானே வச்சது. 2021 மே மாசத்தில இருந்து டவுண் பஸ்ஸில பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, குலசேகரம் சந்தைக்குப் போய் வந்தா முன்ன கொடுத்திருக்க வேண்டிய காசை நான் அன்னைக்கே டப்பாவில போட்டிருவேன். போடல்லன்னா அது எங்க போச்சுன்னே தெரியாது. மகன் இந்த வருஷம் விளையாட்டு ரீசார்ஜை விட்டு அவனும் பத்து இருபது போடுகான். மாமி வெத்தலைக் காசில இருந்து போடுவாங்க, வேண்டாம்னு சொன்னா கோபம் வரும். வீட்டில எல்லாரும் போட்டாத்தான் அது பிடியரிசி.

2023 செப்டம்பரில இருந்து வருகிற மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை நான் போஸ்ட் ஆபீஸில ஐந்து வருஷ தொடர் வைப்பில எனக்க பேரில போடுகேன். வீட்டுச் செலவுக்கு அது வேணும்னு உள்ளவங்க செலவழிங்க, அதில குத்தம் ஒண்ணும் இல்ல. எனக்கு அது எனக்குன்னு இருக்கட்டும்னு தோணுது. இதைச் சொன்னப்போ எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரிதான், உனக்க ரத்தத்தை வித்துத்தானே நாங்க தின்னோம்"னு சொன்னார். அப்படி ஒரு பேச்சு அவர் வாயில இருந்து வரும்னு நான் நினைக்கல்ல.

சுருள் பத்தி சொல்லாம விட்டா நோட்டுக்குத் துரோகம். கல்யாணத்துக்கு 1,000 வச்சாத்தான் மரியாதைன்னு யார் வச்சது? நாமதான். நமக்கு வச்சதை நாம திருப்பி வைக்கணும், அதில மறுப்பில்ல, அது ஒரு வகைக் கடன், அடைக்கணும். ஆனா கிடைச்சதுக்கு மேல கூட்டிக் கூட்டி வச்சுட்டு, அதுக்கும் வட்டிக்கு வாங்குற பழக்கம் எங்க இருந்து வந்துது? எங்க குழுவில பதினாலு பேரும் ஒரு பேச்சு வச்சோம். நம்ம குழு வீட்டுக் காரியத்துக்கு ஆளுக்கு 200 ரூபாய், அதுக்கு மேல இல்ல, ஆனா முந்தின நாளே போய்த் தேங்காய் துருவி, காய் வெட்டி, பாத்திரம் கழுவிக் கொடுக்கணும். முதல் கல்யாணத்தில ஒருத்தி முகத்தைத் தூக்கிட்டு இருந்தா. அவ மக கல்யாணத்துக்கு நாங்க பதினாலு பேரும் இரண்டு நாள் நின்னு வேலை செஞ்சோம். சமையல்காரருக்கு உதவி ஆளே வைக்க வேண்டி வரல்ல. இப்ப இந்தப் பேச்சை மத்த குழுக்காரங்ககிட்ட அவதான் முதல்ல சொல்லுகா. அந்தா இரண்டாவது வரிசையில இருக்கா, பேர் சொன்னா அடிப்பா.

கூட்டமைப்புக்கு எனக்க தரப்பில ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு மாசக் கூட்டத்திலயும் சேமிப்பு கட்டினியா, தவணை கட்டினியான்னு கேட்டு எழுதுறோம். அதே ரெஜிஸ்டரில ஒரு கட்டம் கூடப் போட்டு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆளாளுக்கு ரத்தத்தில எவ்வளவு இருக்குன்னு எழுதணும். சுகாதார நிலையத்தில கேட்டா நர்ஸே கூட்டத்துக்கு வந்து பார்ப்பாங்க, எங்க குழுவுக்கு வந்தாங்க. பதினாலு பேரில ஒன்பது பேருக்குக் குறைவு. அந்த ஒன்பது பேரும் சேமிப்புத் தவறாம கட்டுறவங்க, ஒரு மாசம்கூட பாக்கி வைக்காதவங்க. அந்தப் பணத்தை எதில இருந்து எடுத்துக் கட்டினாங்கன்னு நாங்க ஒரு நாளும் கேட்டதே இல்ல. தலைவி அக்கா இதைத் தீர்மானமா எழுதினா நல்லது.

எனக்கு இப்ப 11.4 இருக்கு. இன்னும் கொஞ்சம் ஏறணும். காலையில கட்டஞ்சாயாவை நிறுத்திட்டு கஞ்சி குடிக்கேன். மீன் சட்டியை இப்ப மாமிதான் வச்சிருக்காங்க. எனக்க தட்டில துண்டு விழுந்த பிறகுதான் அவங்க தட்டை எடுப்பாங்க.

தலைவி அக்கா மணியைப் பார்க்கிறாங்க. காணத் துவையலுக்கு எவ்வளவு புளி வைக்கணும்னு வாசல்ல கேட்ட அக்கா சாப்பாட்டுப் பந்தியில எனக்குப் பக்கத்தில வந்து இருங்க, சொல்லித் தாறேன்.